நடையைக் கண்டு நோயைக் கண்டவர்

காலையில் மணி அடித்ததும் நாம் வகுப்பறையிலிருந்து வரிசையாக இறைவணக்கத்திற்குச் செல்கிறோம். தோளில் பை, கையில் புத்தகம், ஆசிரியை பார்க்காத வேளையில் வாயில் ஓயாத பேச்சு! படிக்கட்டில் இறங்கும்போதுகூட எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கால்கள் தம் வேலையைத் தாமே செய்கின்றன. மனமோ கணக்குத் தேர்வையோ மதிய உணவையோ நினைத்துக்கொண்டிருக்கிறது. நடப்பதைவிட எளிய செயல் உலகில் வேறில்லை என்றே நாம் நினைத்திருக்கிறோம். அந்த எளிய செயலை உற்று நோக்கியதாலேயே மருத்துவ உலகில் அழியாத இடம்பெற்ற ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் பெயர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

இவரைப் பற்றி எழுத நாங்கள் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தாத்தா தபால்காரராக இருந்தவர். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நாள்தோறும் பல மைல் நடந்தவர். ஓய்வு பெற்ற பின்னும் விடியற்காலையில் எங்களை எழுப்பி, ஊர்க்கோடிவரை நடத்திச் செல்வார். அவரோடு ஈடுகொடுக்க நாங்கள் ஓட வேண்டியிருக்கும். அத்தகையவரின் நடை சில ஆண்டுகளுக்கு முன் மாறத் தொடங்கியது. அடிகள் குறுகின. வலக்கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொண்டது. வாசற்படி அருகே வந்ததும் காலைத் தரை பிடித்துக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். முதுமை என்றார்கள் சிலர். பிடிவாதம் என்று நினைத்தோம் நாங்கள். நேரமாகிறது, சீக்கிரம் வாருங்கள் என்று பின்னாலிருந்து அவசரப்படுத்துவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும் வேளை. தாத்தா நிலைப்படியைத் தாண்டிக்கொண்டிருந்தார். வீட்டுச் சாவி எங்கே என்று உள்ளிருந்து நாங்கள் கேட்டோம். பதில் சொல்லத் திரும்பினார். உடல் திரும்பியது, கால் திரும்பவில்லை. விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட மருத்துவர் அவருடைய கையை மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், பிறகு இது பார்க்கின்சன் நோய் என்றார். அவர் நடக்கும்போது எதுவும் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். ஒரு கேள்வி எப்படி ஒருவரைத் தள்ளிவிட முடியும்? அதற்கு விடை தேடியபோதுதான் இந்த மனிதரின் வரலாறு எங்களுக்குக் கிடைத்தது.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஓரத்திலிருந்த ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தை ஜான் பார்க்கின்சன் நோய் பார்த்து மருந்து கலந்து கொடுப்பவர். அறுவை மருத்துவமும் அறிந்தவர். ஹாக்ஸ்டன் சதுக்கத்தின் முதலாம் எண் வீடே இவர்கள் இல்லமும் மருத்துவமனையும் ஆகும். ஜேம்ஸ் தந்தையிடமே தொழில் பயின்றார். 1776ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவமனையில் ஆறு மாதங்கள் பயிற்சி பெற்றார். பின்னர், புகழ்பெற்ற அறுவை மருத்துவராகிய ஜான் ஹன்டரின் சொற்பொழிவுகளுக்குச் சென்று, அவற்றைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகளைப் பிற்காலத்தில் அவருடைய மகன் நூலாக வெளியிட்டார். கேட்டதைப் பிழையின்றிக் குறிப்பதும், கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதும் அவருக்கு இளமையிலேயே கைவந்த பழக்கங்கள். 1784இல் தந்தை மறைந்தபின் ஹாக்ஸ்டன் மக்களின் மருத்துவர் அவரே ஆனார்.

அவர் வாழ்ந்த பகுதியில் ஏழைகள் மிகுதி. அவர்களுடைய துன்பம் அவரை வெறும் மருத்துவராக இருக்கவிடவில்லை. பாராளுமன்றத்தில் எளியோருக்கும் இடம் வேண்டும் என்று வாதாடிய சங்கத்தில் சேர்ந்தார். முதிய ஹூபர்ட் என்னும் புனைபெயரில் துண்டு நூல்கள் பல எழுதினார். 1794ஆம் ஆண்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நஞ்சு தோய்த்த அம்பால் கொல்லச் சதி செய்ததாக அச்சங்கத்தைச் சேர்ந்த சிலர் கைதாயினர். பார்க்கின்சனை மன்னரின் ஆலோசனைக் குழு அழைத்து விசாரித்தது. அவர் அஞ்சாமல் சென்று நண்பர்களுக்காகச் சாட்சி சொன்னார். சதி மெய்ப்பிக்கப்படவில்லை. தொழிலையும் பெயரையும் இழக்க நேர்ந்திருக்கும் வேளையிலும் நண்பர்களைக் கைவிடாத நெஞ்சுரத்தை இங்கு நாம் காண்கிறோம்.

அதன்பின் அவர் எழுத்து வேறு துறைகளில் திரும்பியது. குடும்பங்களுக்கும் கிராமத்து மக்களுக்கும் பயன்படும் எளிய மருத்துவ நூல்களை எழுதினார். மனநோயாளிகளை அடைத்து வைத்த இல்லங்களின் நிலையைப் பற்றி 1811இல் ஒரு நூல் எழுதினார். குடல்வால் வெடித்து இறந்த ஒரு சிறுவனைப் பற்றி 1812இல் மகனோடு சேர்ந்து அவர் எழுதிய குறிப்பு, அந்நோயைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த முற்காலக் குறிப்புகளில் ஒன்றாகும்.

இத்தனைக்கும் நடுவே கற்களிலும் அவருக்குப் பெருங்காதல் இருந்தது. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்து, கல்லில் பதிந்துவிட்ட உயிர்களின் எச்சங்களைத் தேடிச் சேர்த்தார். அவற்றைப் பற்றி 1804, 1808, 1811 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய தொகுதிகளை வெளியிட்டார். 1807ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இலண்டன் நிலவியல் கழகத்தைத் தொடங்கிய பதின்மூவருள் அவரும் ஒருவர். சுருண்ட ஓடுடைய தொல்லுயிர் ஒன்றுக்கு அவர் பெயரையே பின்னோர் சூட்டினர். வாழ்ந்த காலத்தில் அவருக்குப் புகழ் தந்தது இந்தக் கல்லாராய்ச்சியே. ஆனால் கல்லைப் பார்த்த அதே கண்கள் வீதியில் போவோரையும் பார்த்துக்கொண்டிருந்தன.

1817ஆம் ஆண்டு, தம் 62ஆம் வயதில், நடுக்குவாதம் பற்றிய ஒரு கட்டுரை என்னும் சிறு நூலை அவர் வெளியிட்டார். அது 66 பக்கமே கொண்டது. அதில் ஆறு மனிதர்கள் வருகிறார்கள். முதலாமவர் ஐம்பது வயதைக் கடந்த தோட்டக்காரர். இரண்டாமவர் நீதிபதி ஒருவரின் அலுவலகத்தில் பணியாளாக இருந்தவர். மூன்றாமவர் முன்பு கப்பலில் வேலை செய்தவர். இந்த இரண்டாமவரையும் மூன்றாமவரையும் பார்க்கின்சன் சந்தித்தது தெருவில்தான்! அவர்களுடைய நடை அவர் கண்ணில் பட்டது. நிறுத்திப் பேசினார், கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஐந்தாமவரைத் தொலைவிலிருந்து பார்க்க மட்டுமே முடிந்தது. அந்த மனிதர் தாமாக நடக்கத் தொடங்க இயலாதவர். அவருடைய உதவியாளர் எதிரே நின்று, இரு தோள்களிலும் கை வைத்துத் தாங்க, அவர் முன்னும் பின்னுமாக மெல்ல ஆடித் தம்மை நிலைப்படுத்திக்கொள்வார். பிறகு அவர் சொல்லிவிட்டுப் புறப்பட்டால் அது நடையாக இராது, ஓட்டமாகவே இருக்கும். உதவியாளர் விலகி முன்னே ஓடி, ஏறத்தாழ இருபது காலடி தொலைவில் அவர் விழாமல் தாங்கிக்கொள்வார். இக்காட்சியைப் படித்தபோது எங்களுக்கு நம் தெருவில் நடப்பதுபோலவே இருந்தது.

ஆறாமவர் 72 வயது முதியவர். பாதையில் ஒரு சிறு கல் துருத்திக்கொண்டிருந்தால் அச்சமாக இருக்குமா என்று பார்க்கின்சன் அவரைக் கேட்டார். மிகவும் அச்சம் என்று அவர் ஒப்புக்கொண்டார். அருகிலிருந்த அவர் மனைவி, அறையைக் கடக்கும்போது தரையில் ஒரு குண்டூசி கிடந்தால் அதைத் தாண்டுவதைக்கூட இவர் பெரும்பாடாக நினைப்பார் என்று சொன்னார். மருத்துவர் அதையும் விடாமல் எழுதி வைத்தார். கல்லுக்கு அஞ்சுவது காலா, மனமா? இந்தக் குண்டூசிக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருந்தது.

நோயின் போக்கைப் பார்க்கின்சன் படிப்படியாக விளக்கினார். முதலில் ஒரு கையில் மெல்லிய நடுக்கம். அது ஓய்வாக இருக்கும்போது தோன்றும். பிறகு உடல் முன்னே குனியும். நடை ஓட்டமாக மாறும். நோய் முற்றும்போது நடப்பது என்பது மிகுந்த கவனம் செலுத்தினால் மட்டுமே செய்யக்கூடிய வேலையாகிவிடும் என்றும் எழுதினார். ஆயினும் புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்பது அவருடைய முடிவு. நோயின் இருப்பிடம் கழுத்துப் பகுதியின் தண்டுவடமாக இருக்கலாம் என்றும் கருதினார். இவை தம் ஊகங்களே, உடற்கூறு ஆராய்வோர் உண்மையைக் கண்டறிய வேண்டும் என்று அவர் பணிவோடு கேட்டுக்கொண்டதையும் நாம் மறத்தல் ஆகாது.

1824ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அவர் மறைந்தார். திருமுழுக்குப் பெற்ற தூய லியோனார்டு ஆலயத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய சிறு நூலை அன்று பலர் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் சார்கோ அதன் அருமையை உணர்ந்து அந்நோய்க்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயரிட்டார். நடுக்கம் இல்லாமலும் இந்நோய் வரலாம், தசைகள் விறைக்கும், வலிமை குறையாவிட்டாலும் செயல் மெதுவாகும், நாளடைவில் மனத்தின் ஆற்றலும் தளரக்கூடும் என்று அவர் எடுத்துக்காட்டினார். ஆசான் கண்டதில் விடுபட்டதை மாணவர் நிரப்புவதுபோல் அது அமைந்தது.

பார்க்கின்சன் கேட்டுக்கொண்டபடியே ஆராய்ச்சி தொடர்ந்தது. 1919இல் திரெத்தியாக்காஃப் என்பவர், இந்நோயாளிகளின் நடுமூளையிலுள்ள கரும்பகுதியில் உயிரணுக்கள் அழிந்திருப்பதைக் கண்டார். அப்பகுதியே டோபமின் என்னும் பொருளைச் சுரந்து மூளையின் பிற பகுதிகளுக்கு அனுப்புகிறது. 1960இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகிவிச் ஆகிய இருவர் நோயாளிகளின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதை மெய்ப்பித்தனர். அதை ஈடுசெய்ய லெவோடோபா என்னும் மருந்து வந்தது. 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அதைக் கூடிய அளவில் வாய்வழியே கொடுத்து நல்ல பயன் கண்டார்.

இங்கு நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டு ஆயுர்வேத நூல்கள் நடுக்க நோயைக் கம்பவாதம் என்று கூறுகின்றன. அதற்குப் பூனைக்காலி விதை மருந்தாகப் பயன்பட்டு வந்துள்ளது. தொட்டால் அரிப்பெடுக்கும் கொடியாயிற்றே என்று நம் தோழியர் சிரிக்கலாம். ஆனால் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்ததாக 1937ஆம் ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அது மருந்தாக உலகப் புகழ் பெறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. (விதையைத் தாமாக உண்பது தீங்கு, மருத்துவர் சொல்லே நமக்கு வழி.)

இனி, சாவி கேட்ட எங்கள் கேள்விக்கு வருவோம். நாம் சிறு பிள்ளையாக நடை பழகியபோது ஒவ்வோர் அடியையும் எண்ணி வைத்தோம். பழகியபின் அந்த வேலையை மூளையின் அடிப்பகுதியிலுள்ள நரம்புத் திரள்கள் ஏற்றுக்கொண்டன. அதனால்தான் நம்மால் பேசிக்கொண்டே நடக்க முடிகிறது. டோபமின் குறையும்போது இந்தத் தானியங்கும் ஏற்பாடு தளர்கிறது. உடலின் விறைப்பும் மந்தமும் அடிகளைக் குறுக்குகின்றன. தானாக நடக்காத நடையை இப்போது மனம் முயன்று நடத்த வேண்டியிருக்கிறது. காலை உயர்த்து, முன்னே வை, குதிகாலை ஊன்று என்று ஒவ்வொன்றையும் அது கட்டளையிட வேண்டும். அதற்குத் தேவை கவனம்.

கவனம் என்பது ஒரு குடத்து நீர் போன்றது. நடைக்கு ஊற்றும் வேளையில் பேச்சுக்கும் ஊற்றினால் இரண்டிற்கும் போதாது. நோயாளிகளை முதலில் சும்மா நடக்கச் சொல்லியும், பிறகு நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்லியும் ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். கணக்கு வந்ததும் நடை மெதுவாகிறது, அடி குறுகுகிறது, ஒரு சீராக விழாமல் தடுமாறுகிறது. கவனத்தைப் பங்கிடும் திறனும் திட்டமிடும் திறனும் குறைந்தவர்களுக்கு இத்தடுமாற்றம் கூடுதலாக இருக்கிறது. கை எவ்வளவு நடுங்குகிறது என்பதை மட்டும் வைத்து ஒருவர் எப்படி நடப்பார் என்று சொல்லிவிட முடியாது. விறைப்பும் மந்தமும் ஒருபுறம், சிந்தனையின் ஆற்றல் மறுபுறம் என்று இரண்டும் சேர்ந்தே நடையைத் தீர்மானிக்கின்றன. மருந்து விறைப்பை நன்றாகத் தணிக்கும். ஆனால் உடலின் சமநிலையும் பங்கிட்ட கவனமும் மருந்தால் மட்டும் அந்த அளவுக்குச் சீராவதில்லை.

அந்த முதியவருக்குக் குண்டூசி மலையானது ஏன் என்பது இப்போது விளங்குகிறது. பார்க்கின்சன் அறிவு பழுதுபடுவதில்லை என்று எழுதினார். நடக்கக் கவனம் வேண்டும் என்றும் எழுதினார். இந்த இரண்டாவது வரியில் இருந்த உண்மை முழுதும் வெளிப்பட நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் வரியை அவர் தவறாக எழுதிவிட்டார் என்று நாம் குறை கூறலாகாது. அவர் பார்த்தவர் ஆறே பேர். அவர்களில் சிலரை ஒருமுறைதான் பார்த்தார். கண்டதை நேர்மையாக எழுதி வைத்ததால்தான் பின்வந்தோர் அதைத் திருத்தவும் முடிந்தது.

அவருடைய உருவப்படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. உலகமே பெயர் சொல்லும் ஒருவரின் முகம் யாருக்கும் தெரியாது! ஆனால் அவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் நாளை உலகம் பார்க்கின்சன் நோய் நாளாக நினைவுகூர்கிறது. நெதர்லாந்து நாட்டில் இந்நோய் கண்ட ஒரு தோட்டக் கலைஞர், தாம் உருவாக்கிய சிவப்பும் வெள்ளையும் கலந்த டூலிப் மலருக்கு அவர் பெயரை வைத்தார். அவர் நூலில் முதலில் வருபவரும் ஒரு தோட்டக்காரர் அன்றோ!

எங்கள் வீட்டில் இப்போது சில மாற்றங்கள். நிலைப்படியின் முன் தரையில் ஓரடி இடைவெளி விட்டு வெள்ளைக் கோடுகள் ஒட்டியிருக்கிறோம். இத்தகைய கோடுகளும், ஒன்று இரண்டு என்று எண்ணுவதும், தாளமும் நின்றுபோன காலுக்கு வழிகாட்டும் என்று மருத்துவர் சொல்லித் தந்தார். கோட்டைப் பார்த்ததும் தாத்தாவின் கால் உயர்கிறது. தபால் பையைத் தோளில் போட்டு நடந்த காலத்தில் இப்படிக் கோடு போட்டுத் தந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கடிதம் கொடுத்திருப்பேன் என்று அவர் எங்களைச் சிரிக்க வைக்கிறார். ஆனால் அதை அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே சொல்கிறார்.

நாங்களும் இப்போது காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அவர் நடக்கும்போது எதையும் கேட்பதில்லை. கோயிலுக்கு அரைமணி முன்னதாகவே புறப்படுகிறோம். அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் வாசலில் தயங்கி நின்றால், சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பின்னாலிருந்து அழைக்காதீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் தெருவில் ஒரு மருத்துவர் செய்ததுபோல நின்று, பாருங்கள். அவர் அடுத்த அடியை எடுத்து வைக்கும்வரை பொறுத்திருங்கள்.